தேய்த்தே தொலைத்த முகப்பு

கீழக்கரை, ராமநாதபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில், எழுபது எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து பெட்டியோடு வந்த டேப் டெக்கோ ஆம்ப்ளிஃபயரோ ஒரு மூலையில் கிடக்கும். அக்காய், சோனி, டெக்னிக்ஸ், எல்லாம் வெள்ளி நிற அலுமினிய முகப்பு. இதையெல்லாம் தேடிப்பிடித்து 'புதுசாக்குகிற' கூட்டம் இப்போ பெருத்துவிட்டது. முடித்தபின் எடுக்கிற படத்தில் முகப்பு எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னும். பார்க்க அழகுதான். ஆனால் அதை மீட்டெடுத்தது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கம்பெனியிலிருந்து வந்தபோது அந்த முகப்புகளில் பெரும்பாலானவை அப்படி மின்னவே இல்லை. ஒரே திசையில் மெல்லிய கோடுகள் விழும்படி தேய்த்து, பிறகு அனோடைஸ் செய்திருப்பார்கள். அதாவது, அமிலத் தொட்டியில் மின்சாரம் செலுத்தி, அலுமினியத்தின் மேலேயே சில மைக்ரான் தடிமனுக்கு ஆக்சைடு படலத்தை வளர்ப்பது. அந்தப் பட்டுப்போன்ற மங்கல் நிறம் கோடும் படலமும் சேர்ந்து தருவது. பாலிஷ் பேஸ்ட் போட்டு மெஷினில் தேய்த்தால் முதலில் 'வால்யூம்', 'ட்ரெபிள்' எழுத்துகள் போகும். அடுத்து படலம். கடைசியில் கோடு. மிஞ்சுவது வெறும் அலுமினியம். காற்றுபட்டு அதன்மேல் தானாக உண்டாகும் படலம் சில நானோமீட்டர்தான்.

நம்ம கடற்கரையில் அது போதவே போதாது. உப்புக்காற்றில் இருக்கும் குளோரைடு அதைத் துளைத்துப் பொடிக்குழிகள் போடும், வெள்ளையாகப் பூக்கும். காரைக்குடியில் 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோகம் அரிப்பதைச் சோதிக்க மண்டபத்தில் இடம் வைத்திருப்பது சும்மா இல்லை. ஆக, படத்துக்காகத் தேய்த்தவர் அந்தப் பெட்டியின் ஆயுளையும் சேர்த்தே தேய்த்திருக்கிறார்.

நான் மட்டும் யோக்கியமா? ஒரு வால்யூம் குமிழை அழுக்கு போகட்டும் என்று சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறப்போட்டேன். அலுமினியத்துக்குக் காரம் ஆகாது என்பது பள்ளிக்கூடப் பாடம். எடுத்துப் பார்த்தால் சாம்பல் பூத்துக் கிடக்கிறது.

இப்போ குமிழ்களைக் கழற்றிவிட்டு, ஒரு சொட்டு பாத்திரச் சோப்பு கலந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கோடு ஓடும் திசையிலேயே துடைக்கிறேன். பிறகு சோப்பில்லாத ஈரத்துணி, உடனே உலர்ந்த துணி. முக்கால்வாசி மங்கலுக்குக் காரணம் சிகரெட் புகையும் கைப்பிசுக்கும்தான், அது இதிலேயே போய்விடும். ஸ்பிரிட் தொடுவதாக இருந்தால் எழுத்தில்லாத ஓரத்தில் முதலில் தொட்டுப் பாருங்க. ஏற்கெனவே குழி விழுந்த இடம் எதிலும் திரும்பாது. அதை அப்படியே விட்டுடுங்க.

அந்தச் சாம்பல் குமிழை நானும் மாற்றவில்லை. மற்றதெல்லாம் பழைய வெள்ளியில் இருக்க, அது மட்டும் தனியாகத் தெரிகிறது.