சான்று கூறாத குருகு

குறுந்தொகையின் 25-ஆம் பாட்டு ஐந்தே அடிகளால் ஆயது, பாடியவர் கபிலர். அந்நூல் 1915-இல் அச்சேறி, 1937-இல் டாக்டர் சாமிநாதையரின் உரையோடும் வெளிவந்த பின்னர், இப்பாட்டு மேடைதோறும் எடுத்தாளப்படுவதாயிற்று. ஆயின் எடுத்தாள்வோர் பலரும் இதனைக் கைவிடப்பட்ட பெண்ணொருத்தியின் புலம்பல் என்று கூறி, இரண்டு சொட்டுக் கண்ணீர் உகுத்து அப்பாற் செல்கின்றனர். அக்கருத்து நமக்கு உடன்பாடன்று.

பாட்டின் பொருள் எளிது. தலைவன் தன்னோடு கூடிய நாளில் அவ்விடத்தே வேறு எவரும் இலர் என்கிறாள் தலைவி. இருந்தவன் அவன் ஒருவனே. அவனையோ கள்வன் என்கிறாள். அவன் பொய்த்துவிட்டால் தன் கதி யாதென வினவுகிறாள். பிறகு, ஏதோ நினைவு வந்தாற்போல, குருகு ஒன்றும் அங்கு நின்றது என்கிறாள். அதன் கால் தினைத்தாள்போல் மெலிந்து பசுமையாய் இருந்ததாம்; ஓடுகின்ற நீரில் ஆரல்மீன் வருமோ எனப் பார்த்து நின்றதாம்.

இக்குருகைப் பற்றிக் கற்றோர் பலவாறு கூறுவர். இரைமேற் கண் வைத்த பறவை இவர்களை நோக்கியிராது. நோக்கினும் அதற்குப் பேச வாயில்லை. ஆகவே அது சான்றாகாது என்பது ஒன்று. மீனுக்காக அசையாது நிற்கும் அப்பறவையிடத்தே தலைவனின் சாயலைக் காண்பாரும் உளர். இரண்டும் பொருந்துவனவே. ஆயினும் நம் நெஞ்சில் தைப்பது அக்காலின் நிறம். ஊர் மன்றத்தே நிறுத்தி வினவப்படும் ஒருவர், நடந்தது மெய்யே என்பதற்கு இத்தகைய சிறு செய்திகளையன்றோ எடுத்துரைப்பர்? இப்பாட்டை வாக்குமூலம் என்றே நாம் கொள்கின்றோம்.

மன்றம் என்றது நம் கற்பனையன்று. அகநானூற்றின் 256-ஆம் பாட்டு கள்ளூரில் நிகழ்ந்த செய்தி ஒன்றைக் குறிக்கின்றது. இளம்பெண் ஒருத்தியின் நலத்தைக் கவர்ந்தவன், அவளை அறியேன் என்று சூளுரைத்தான். நிகழ்ந்ததை அறிந்த சான்றாளரை வினவித் தெளிந்த அவையத்தார், அவனை மரக்கிளையில் இறுகப் பிணித்துத் தலைமேல் நீற்றைக் கொட்டினர். பொய்த்தவனைத் தண்டிக்க ஊர் முன்வந்தது உண்டு என்பது இதனாற் பெறப்படும். ஆனால் அதற்குச் சான்று வேண்டும். கள்ளூர்ப் பெண்ணுக்கு அது கிடைத்தது. கபிலரின் தலைவிக்கோ குருகுதான் கிடைத்தது. இவ்விரு பாட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்த பின்னரே அவளுடைய அச்சம் இன்னதென நமக்குப் புலனாயிற்று.

பிற்காலத்தார் இவ்விடரை வேறு வழியால் தீர்த்தனர். திருவிளையாடற் புராணத்திலே வன்னி மரமும் கிணறும் இலிங்கமும் ஒரு பெண்ணின் மணத்துக்குச் சான்றாக வந்து நிற்கின்றன! கபிலர் எதனையும் அவ்வாறு வரவழைத்தாரில்லை. அவருடைய குருகு கடைசிவரை குருகாகவே நிற்கின்றது. அந்நேர்மைக்காகவே அவரைப் போற்றுகின்றோம்.

தொல்காப்பியக் கற்பியலோ, பொய்யும் பிழையும் தோன்றிய பின்னரே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்று காரணம் காட்டும். சடங்கு முதற்கண் எழுந்தது மறுப்பவனின் வாயை அடைப்பதற்கே என்பது இதனால் விளங்கவில்லையா? சிங்கப்பூரில் 1961-இல் வந்த மாதர் சாசனமும், மலேசியாவில் 1976-இல் இயற்றப்பெற்று 1982-இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டமும் இரண்டு சான்றாளர் முன்னிலையில் மணம் நிகழ வேண்டும் என்கின்றன. பதிவேட்டில் அவ்விரு கையொப்பங்களைக் காணுந்தோறும் நமக்கு இக்குருகின் நினைவே எழுகின்றது.

நிற்க. மணம் நீட்டித்த காலத்துத் தலைவி தன் தோழிக்குக் கூறியது இப்பாட்டு என்கிறது பழங்குறிப்பு. காதல் முறிந்தது என்போர் இதனை மறந்தனர். தலைவன் இன்னும் மறுத்தானல்லன்; காலந்தாழ்த்துகிறான், அவ்வளவே. அந்நாளைச் சுட்ட அவள் ஆண்ட சொல்லையும் நோக்குக. ‘மணந்த’ என்கிறாள். பழந்தமிழில் அச்சொல் கூடுதலையும் குறிக்கும், மணம் முடித்தலையும் குறிக்கும். அவன் முன்னதே என்று நழுவக்கூடும். அவளோ பின்னதையும் சேர்த்தே எண்ணியிருக்கிறாள். அதனைத் தனக்குள்ளே புதைத்துக்கொள்ளாமல் தோழியிடம் கூறியும் விட்டாள். இனித் தோழி செவிலிக்கு உரைக்கலாம். செவிலி நற்றாய்க்கு உரைக்கலாம். அறத்தொடு நிற்றல் என்று நம் இலக்கணத்தார் பெயரிட்ட வழி அதுவே. தலைவன் வரைவொடு வந்தானா என்பதைக் கபிலர் இங்குச் சொல்லவில்லை.