பாராட்டும் பழிப்பும்: 'லா பயாதேர்' பலே குறித்து ஒரு நோக்கு

கலைஞனொருவன் பிறிதொரு பண்பாட்டைக் கையாளும்போது, அது பாராட்டா அன்றிப் பழிப்பா என்ற வினா எழுகின்றது. அவனது நோக்கத்தைக் கொண்டு விடை காண முற்படுவதே பெருவழக்கு. அவ்வளவுகோல் போதுமானதன்று என்பதை 'லா பயாதேர்' என்னும் பலே நன்கு உணர்த்துகின்றது.

'பயாதேர்' என்பது நடனமாது எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் வழிவந்த பிரெஞ்சு வடிவமாகும். தேவதாசியருக்கு ஐரோப்பியர் இட்ட பெயர். 1797இல் கோதே இயற்றிய கதைப்பாடலும், 1830இல் பாரிசில் மேடையேறிய ஓபரின் இசைநாடகமும், காதலுக்காகத் தீயையும் ஏற்கத் துணியும் பெண்ணாக அவளை வரைந்துவிட்டன. ஆகவே, 1838இல் திருவந்திபுரத்து ஆடல்மகளிர் பாரிசு சென்றபோது, அவர்களைப் பற்றிய கற்பனை அவர்களுக்கு முன்னரே அங்கு குடிகொண்டிருந்தது. அவர்களுள் ஒருத்தியான அமணியைக் கவிஞர் கோதியே வியந்தெழுதினார். சிற்பி பார் அவளை வெண்கலத்தில் வடித்தார். அவ்வியப்புப் பொய்யன்று. ஆயினும், அவளது நிறமும் அணிகலன்களும் கோதியேயின் எழுத்திற் பெற்ற இடத்தை அவளது ஆடலின் இலக்கணம் பெறவில்லை.

1877இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் மாரியஸ் பெற்றிப்பா அமைத்த 'லா பயாதே'ரில் இப்போக்கு முழுமை பெறுகின்றது. தீயைச் சுற்றித் துள்ளும் பக்கிரிகள், கோயில் நடனமாதின்மேல் மோகங்கொள்ளும் தலைமைக் குரு, பூக்கூடையினுள் நாகம் என்பனவே அங்கு இந்தியா. மிங்கஸின் இசையோ ஐரோப்பிய நடன இசை. எனினும், வெண்ணிற ஆடை மகளிர் ஒருவர்பின் ஒருவராய்ச் சரிவில் இறங்கிவரும் 'நிழல்களின் இராச்சியம்' என்ற காட்சி பலே கலையின் உன்னதங்களுள் ஒன்று என்பதை மறுத்தல் இயலாது. ஆனால், அக்காட்சிக்கு இந்தியா தேவைப்படவேயில்லை. கலை உயருமிடத்தில் இந்தியா மறைகின்றது. இந்தியா தோன்றுமிடத்திற் கலை வெறும் வேடிக்கையாகின்றது.

2019இல், மொஸ்கோ பொல்சோய் அரங்கில் இப்பலேயில் ஆடுவோர் முகத்திற் கருமை பூசுவதை அமெரிக்கக் கறுப்பின நர்த்தகி மிஸ்ரி கோப்லன்ட் கண்டித்தபோது, அது நெடுங்கால வழக்கமெனவே அரங்கத்தார் பதிலளித்தனர். பழமை ஒரு வழக்கத்தின் வயதைக் காட்டுமேயன்றி, அதன் நியாயத்தைக் காட்டாது.

ஆகவே, படைத்தவன் விரும்பினானா, வெறுத்தானா என்பதன்று வினா. சித்திரிக்கப்பட்டோர் நேரில் வந்து நின்றபின், அச்சித்திரம் சிறிதேனும் திருந்தியதா என்பதே வினா. அமணி வந்து சென்ற நாற்பதாண்டுகளின் பின்னரும் 'பயாதேர்' திருந்தவில்லை. பிற சமூகத்தவரின் பேச்சுவழக்கை நகைப்புக்கெனவே மேடையேற்றும் பழக்கமுடைய நாமும் இவ்வினாவுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டுள்ளோம்.