முகாம் கணக்கு

ஆகஸ்ட் வந்தாச்சுன்னா அமெரிக்கக் கால்பந்து நிருபர்கள் பயிற்சி முகாமில் உட்கார்ந்து, யார் எத்தனை பாஸ் சேர்த்தார் என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. முகாமில் குவார்ட்டர்பேக்கை யாரும் சாய்க்கக் கூடாது. நாலு பேர் மேலே பாயும்போது பந்தை எப்போ விடுறார் என்பதுதானே அவர் தொழில்? அதை அங்கே எப்படி அளப்பது?

2022-இல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் முகாமில் பேச்செல்லாம் ட்ரே லான்ஸ் பற்றி. ட்ராஃப்ட்டின் கடைசி ஆளாக, 262-ஆவதாக வந்தவர் பிராக் பர்டி. லான்ஸுக்குக் கணுக்கால் போச்சு, கரோப்பலோவுக்குப் பாதம். டிசம்பரில் பர்டி இறங்கி என்.எஃப்.சி. இறுதிவரை கொண்டுபோனார். இதுக்காகப் பயிற்சியாளர்களை ரொம்பப் புகழவும் வேண்டாம்; கடைசிவரை காத்திருந்துதானே எடுத்தாங்க! ஆனாலும் பட்டியலை 53 ஆகச் சுருக்கியபோது அவரைக் கைவிடலை. விட்டிருந்தால் வேறு அணி கொத்திக்கொண்டு போயிருக்கலாம்.