பழைய எம்ஜிபி-யைக் கதவோரத்திலிருந்து பாருங்கள்

இங்கிலாந்தில் பழைய கார்கள் விலைக்கு நிற்கும் இடம் எதுவானாலும் அங்கே ஓர் எம்ஜிபி இருக்கும். இரண்டே இருக்கை, மடக்கி வைக்கும் துணிக்கூரை, நீண்ட பானெட், பளபளக்கும் பச்சை அல்லது சிவப்பு பெயிண்ட். முன்கண்ணாடியில் 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று ஓர் அட்டை. பார்க்க வருகிறவர்கள் பானெட்டைத் தடவுகிறார்கள், உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கிறார்கள், அழகு என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் புதுப்பித்த வண்டியில் ரசிக்க வேண்டியது பெரும்பாலும் அவர்கள் குனிந்து பார்க்காத இடங்களில் இருக்கிறது. ஒருவர் மாதக்கணக்கில் செய்த கைவேலை அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

எம்ஜிபி பணக்காரர்களுக்கென்று பிறந்த வண்டி அல்ல. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே அபிங்டன் என்ற சிறு நகரத்தில் இருந்த எம்ஜி தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உருவானது. மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல். தலைமைப் பொறியாளர் சிட் எனெவர். உருவத்தை வரைந்தவர் டான் ஹேட்டர். உள்ளே இருக்கும் 1798 சிசி எஞ்சின், அதே நிறுவனத்தின் குடும்பக் கார்களில் ஓடிய எஞ்சினின் நெருங்கிய உறவு. 95 குதிரைசக்தி, மணிக்கு 160 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் வேகம். ஜாகுவார் இ-டைப் போல இது பிரமிக்க வைக்காது. ஒரு வங்கி ஊழியரோ பள்ளி ஆசிரியரோ ஞாயிற்றுக்கிழமை கிராமத்துச் சாலையில் கூரையை மடக்கிவிட்டு ஓட்டுவதற்கென்று செய்த வண்டி. அந்த எளிமையை மனத்தில் வைத்துக்கொண்டு அருகில் போங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது கதவோரம். இதற்குக் காரணம் வண்டியின் கட்டமைப்பு. இதற்கு முந்தைய எம்ஜிஏ-வில் தனிச் சட்டம் ஒன்று இருந்தது. உடல் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. எம்ஜிபி-யில் அந்தச் சட்டம் இல்லை. உடலே சட்டம். தலைக்குமேல் இரும்புக் கூரையும் இல்லாததால், முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து நிறுத்தும் பொறுப்பு கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிபோன்ற விளிம்பின்மேல் விழுகிறது. இதை 'சில்' என்பார்கள். வெளித்தகடு, உள்தகடு, நடுவில் ஒரு தகடு, அடியில் ஒரு தாங்கு பட்டை எனப் பல அடுக்குகளை வெல்டு செய்து ஆக்கியது. இங்கிலாந்தின் ஈரமும், குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் இதை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் பளபளக்கும்போதே உள்ளே துரு முற்றியிருக்கலாம்.

சில் பலவீனமானால் வண்டி நடுவில் மெல்லத் தொய்கிறது. தொய்ந்ததும் கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மாறுகிறது: மேலே நெருங்கி, கீழே அகலும். ஆகவே வண்டியிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று, கதவின் பின்விளிம்பை மேலிருந்து கீழாகக் கண்ணால் தடவிப் பாருங்கள். இடைவெளி ஒரே அகலத்தில் இறங்கினால் அந்த உடல் நேராக இருக்கிறது என்று முதல் நம்பிக்கை வைக்கலாம். அடுத்து, பக்கவாட்டில் முன்சக்கரத்துக்கு முன்னாலிருந்து பின்விளக்குவரை ஓடும் மெல்லிய குரோம் பட்டையைப் பாருங்கள். முன் மட்கார்டு, கதவு, பின் மட்கார்டு என மூன்று தகடுகளில் துண்டு துண்டாகப் பொருத்திய பட்டை அது. தரையோடு தரையாகக் குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நெடுக்கில் பார்த்தால் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். கதவருகே ஒரு நூலளவு ஏறினாலோ இறங்கினாலோ கண்ணுக்குத் தெரிந்துவிடும். எந்தக் கருவியும் வேண்டாம். எம்ஜிபி-யை ரசிப்பதில் எனக்கு மிகப் பிடித்த நிமிடம் இதுதான்.

இந்தக் கோட்டை நேராக வைப்பதற்கு எவ்வளவு பாடுபட வேண்டும் என்று தெரிந்தால் மரியாதை கூடும். பழைய சில்லை வெட்டி எடுத்துவிட்டால் முன்பாதிக்கும் பின்பாதிக்கும் நடுவே தாங்கும் பிடிமானம் மிகக் குறைந்துவிடும். நல்ல டிங்கர் வெட்டுவதற்கு முன்பே கதவு வாசலின் குறுக்கே இரும்புக் கம்பியை வெல்டு வைத்து உடலை இறுக்கிப் பூட்டுவார். சில்லின் இரு முனைகளும் முன், பின் மட்கார்டுகளுக்கு அடியில் போய் நுழைவதால், முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் கீழ்ப்பகுதியை அறுக்க வேண்டும். கதவை மாட்டிப் பார்த்து, கழற்றி, திரும்ப மாட்டிப் பார்த்து, இடைவெளி சரியென்றான பிறகே முழு வெல்டு. அவசரக்காரர் பழைய துருவின்மேலேயே ஒரு புதுத் தகட்டைப் போர்த்தி, பட்டி தடவி, பெயிண்ட் அடித்துவிடுவார். புதிதில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சில குளிர்காலம் போனால் வித்தியாசம் வெளியே வரும்.

முன் மட்கார்டு வெல்டு வைத்தது அல்ல, போல்ட் போட்டது. அதனால் அது மற்றத் தகடுகளோடு சேரும் இடத்தில் கோடு தெரிய வேண்டும். கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தால் பட்டி நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். முன்சக்கரத்துக்குப் பின்னால், மட்கார்டின் உட்புறத்தில் சேறு தடுக்கும் தகடு ஒன்று உண்டு. அதன் ரப்பர் விளிம்பு காய்ந்து போனால் சேறு உள்ளே புகுந்து தேங்கி, சில்லின் முன்முனையை அரித்துவிடும். கையை உள்ளே விட்டுத் தொட்டுப் பாருங்கள். புது ரப்பர் தட்டுப்பட்டால், இந்த வண்டியைச் செய்தவருக்குத் தன் தொழில் தெரியும். கதவின் மேல்விளிம்பில், முக்கோணச் சிறுகண்ணாடி முடியும் இடத்தில் செங்குத்தாக ஒரு வெடிப்பு விழுவதும் இந்த வண்டியின் பரம்பரை நோய். அங்கேயும் ஒரு பார்வை.

காந்தம் கொண்டுவருகிறவர்கள் உண்டு. பட்டி நிறைந்த இடத்தில் காந்தம் ஒட்டாது என்பது சரி. ஆனால் ஆரம்பகால வண்டிகளில் பானெட் அலுமினியத்தால் ஆனது. அங்கே ஒட்டவில்லை என்றால் பயப்படாமல் மகிழ்ச்சியடையுங்கள்.

சில வண்டிகளில் உடலே முழுக்கப் புதிது. பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து, பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் 1988 முதல் எம்ஜிபி-க்குப் புது உடல்களை அடித்துத் தருகிறது. பழைய எஞ்சினும் கருவிகளும் புது உடலில் ஏறியிருந்தால் அதைப் போலி என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பத்து இடத்தில் ஒட்டுப்போட்ட பழைய உடலைவிட, நேராக நிற்கும் இந்த உடல் மேல். விற்பவர் அதை ஒளிக்காமல் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவே.

இப்போது பெயிண்டுக்கு வரலாம். தொழிற்சாலையில் அடித்த பச்சையின்மேலோ சிவப்பின்மேலோ தனி வார்னிஷ் பூச்சு கிடையாது. பளபளப்பு மென்மையாக, நிறத்தின் உள்ளிருந்தே வந்ததாக இருக்கும். இன்றைய பெயிண்ட் கடையில் பல பூச்சு ஏற்றி, ஈரம் சொட்டுவதுபோலச் செய்த வண்டி புகைப்படத்தில் நன்றாக வரும். அபிங்டனிலிருந்து அப்படி ஒரு வண்டியும் வெளியே வந்ததில்லை. அளவோடு நின்ற பெயிண்டில்தான் ரசனை இருக்கிறது என்பது என் தீர்ப்பு.

வண்டியின் வயதை அதன் சின்னச் சின்ன உறுப்புகளே சொல்லும். 1965 வரை வந்தவற்றில் கதவுக் கைப்பிடி இழுத்துத் திறக்கும் வகை. பிறகு பொத்தானை அழுத்தும் வகை. 1964 அக்டோபருக்கு முன் எஞ்சினின் கிராங்க் தண்டுக்கு மூன்று தாங்கிகள், அதன்பின் ஐந்து. ஐந்து தாங்கி எஞ்சின் உறுதியானது. மூன்று தாங்கி எஞ்சின் சற்று உற்சாகமாகச் சுழலும் என்பார்கள். 1974-இன் கடைசியில் அமெரிக்கச் சட்டத்துக்காகக் குரோம் பம்பரை எடுத்துவிட்டு, கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியையும் உயர்த்தினார்கள். சாலையோடு ஒட்டி நின்ற அழகு அதோடு போனது. அந்த வண்டிகளுக்குக் குரோம் பம்பர் மாட்டி விற்பதும் நடக்கிறது. 1974-இன் கடைசிக்கு முந்தைய வண்டியில் இருக்கைக்குப் பின்னே இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் இருந்தன. பிந்தையதில் ஒரே பன்னிரண்டு வோல்ட். சேஸி எண்ணில் ஜிஎச்என்3 என்றிருந்தால் முதல் தலைமுறைத் திறந்த வண்டி, ஜிஎச்என்4 இரண்டாவது. எண் ஜிஎச்என்5 ஆக இருந்து முன்னால் குரோம் பம்பரும் இருந்தால், பம்பர் பிறகு மாட்டியதாக இருக்கலாம்; வண்டி எந்த ஆண்டினது என்று கேட்டுவிடுங்கள்.

உள்ளே, பழைய வண்டியென்றால் சுருக்கம் விழுந்த கறுப்புப் பூச்சுள்ள இரும்பு டேஷ்போர்டு, ஸ்மித்ஸ் மீட்டர்கள், கம்பிக் கால்கள் வைத்த பெரிய ஸ்டியரிங், ஓரத்தில் வேற்று நிறக் குழல் தைத்த தோல் இருக்கை. புதுப்பிக்கிறேன் என்று மரப்பலகை டேஷ்போர்டு வைத்திருந்தால் அது உரிமையாளரின் ஆசை, வண்டியின் இயல்பு அல்ல.

எஞ்சினைக் குளிர்ந்திருக்கும்போது கிளப்பச் சொல்லுங்கள். இரண்டு எஸ்யு கார்புரேட்டர்கள் மூச்சிழுக்கும் சீறல் ஒன்றுபோல இருக்க வேண்டும். பழைய மெக்கானிக்குகள் ரப்பர் குழாயைக் காதில் வைத்து இரண்டையும் ஒப்பிட்டே சமன் செய்வார்கள். சூடானபின், ஓட்டத்தில் ஆயில் பிரஷர் 50-க்குக் குறையாமல் நின்றால் நல்ல சேதி. 1967-இன் கடைசி வரை வந்த வண்டிகளில் முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை. வண்டி நின்ற பிறகே முதல் கியர் போட வேண்டும், கரகரத்தால் குறையென்று நினைக்காதீர்கள். கம்பிச் சக்கரம் என்றால் முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றி நகர்த்தும்போது 'டக்' என்று கேட்கிறதா எனக் காது கொடுங்கள். கேட்டால் சக்கரம் ஏறும் பற்கள் தேய்ந்திருக்கின்றன. ஓவர்டிரைவ் இருந்தால் நாலாவது கியரில் பொத்தானைத் தட்டிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் சட்டென்று தணிந்து, வண்டி அதே வேகத்தில் போகும் சுகம் தனி.

கடைசியாகக் காகிதங்கள். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் அபிங்டனின் உற்பத்திப் பதிவேடுகள் இருக்கின்றன. அங்கிருந்து வாங்கும் சான்றிதழில் வண்டி என்று கட்டப்பட்டது, முதல் நிறம் என்ன, எஞ்சின் எண் என்ன, எந்த நாட்டுக்கு அனுப்பப்பட்டது என்பதைப் பெரும்பாலும் பார்க்கலாம். பல எம்ஜிபி-கள் அமெரிக்காவுக்குப் போய், வறண்ட மாநிலங்களில் துருப்பிடிக்காமல் பிழைத்து, பின்னாளில் இங்கிலாந்து திரும்பி, ஸ்டியரிங் வலப்பக்கம் மாற்றப்பட்டவை. அதில் குறை ஒன்றும் இல்லை. உடலுக்கு அது நல்லதே செய்திருக்கும். பிரிட்டனில் 40 ஆண்டு கடந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுப் பரிசோதனை கட்டாயமில்லை. அதனால் உங்கள் கண்ணுக்குப் பொறுப்பு கூடுகிறது.

இரண்டு எம்ஜிபி-கள் அருகருகே நின்று, ஒன்றில் எஞ்சின் புதிது, மற்றதில் உடல் நல்லது என்றால் தயங்காமல் உடல் நல்லதை எடுங்கள். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உதிரிப்பாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. உடல் வேலைக்குப் போகும் பணமோ பல நேரம் வண்டியின் விலையையே தாண்டிவிடும். விலையைக் கேட்பதற்கு முன் விற்பவரிடம் இதைக் கேளுங்கள்: சில்லை வெட்டியபோது எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றனவா?