பெயர் வரிசையை நம்பும் கணக்கு

ஆண்டுதோறும் செப்டம்பர் வாக்கில் நம் பொறியியல் கல்லூரி வாசல்களில் ஃபிளெக்ஸ் முளைத்துவிடுகிறது. 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியலில் எங்கள் பேராசிரியர்கள் என்று, கோட்டு போட்ட படங்களோடு. ஸ்டான்ஃபோர்டு பெயரையும் மறக்காமல் போட்டிருப்பார்கள். அங்குள்ள பேராசிரியர் ஜான் அயோனிடிஸும் அவர் சகாக்களும் எல்செவியர் பதிப்பகத்தின் ஸ்கோபஸ் மேற்கோள் தரவைக் கொண்டு தயாரிக்கும் பட்டியல் அது. பல்கலைக்கழகம் யாருக்கும் பட்டம் கொடுக்கவில்லை. போகட்டும்.

பட்டியலுக்கு ஆதரவாகச் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. சிபாரிசும் சாதியும் புழங்கும் தேர்வுக் குழுவில், எண்ணாவது ஆள் பார்க்காது. கட்டுரைகளையும் மேற்கோள்களையும் ஒரே எண்ணாக்கி 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் கொண்டுவந்த எச்-இன்டெக்ஸைவிட இந்தக் கணக்கு நுட்பமானதும்கூட. தன்னைத் தானே மேற்கோள் காட்டியதைக் கழித்தும் காட்டுகிறது. இதில் சேரும் ஆறு அளவுகளில் ஒன்று கூட்டாசிரியர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பங்கைக் குறைக்கிறது. வேறு சில, தனி ஆசிரியரா, முதல் பெயரா, கடைசிப் பெயரா என்று பார்க்கின்றன. ஆகவே கூட்டத்தோடு கோவிந்தா போட்டவர்கள் இதில் தப்ப முடியாது என்கிறார்கள்.

எனக்கு நெடுநாளாக உள்ள சண்டை இங்கேதான். வகுத்தாலும் கழித்தாலும் இந்தக் கணக்குகள் எல்லாம் ஒன்றைக் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொள்கின்றன: தலைப்புக்குக் கீழே இருப்பவை உழைத்தவர்களின் பெயர்கள், உழைத்த அளவுக்கேற்ற இடத்தில்.

ஆனால் எப்போதும் அப்படி இல்லை. 1948இல் இயற்பியல் மாணவர் ரால்ஃப் ஆல்ஃபர் தன் ஆய்வுப்பட்டத்துக்காகச் செய்த கணக்குகளைக் கட்டுரையாக வெளியிட்டபோது, அவருடைய கைடு ஜார்ஜ் காமோ, அந்த வேலையில் கையே வைக்காத ஹான்ஸ் பெத்தேயின் பெயரை நடுவில் செருகினார். ஆல்ஃபா, பீட்டா, காமா என்று ஒலிக்க வேண்டுமாம். மாணவனுக்கு எரிச்சல்; பெத்தேக்குச் சும்மா வந்தது மூன்றில் ஒரு பங்கு. 1975இல் மிச்சிகனின் இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன், தனியாக எழுதிய கட்டுரையில் 'நாங்கள்' என்று தட்டச்சு செய்துவிட்டு, அதைத் திருத்தச் சோம்பல்பட்டுத் தன் பூனையை இரண்டாம் ஆசிரியராக்கினார். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டும் ஒவ்வொருவரும் பூனைக்கும் சேர்த்தே காட்டுகிறார்கள். ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றிய 2015ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். வரிசை பெரும்பாலும் அகரவரிசை. அங்கே 'ஏ'யில் தொடங்கும் குடும்பப் பெயரோடு பிறந்தவர் பாக்கியசாலி.

இவை வேடிக்கைக் கதைகள் என்று தள்ளலாம். சி. வி. ராமனையும் கே. எஸ். கிருஷ்ணனையும் அப்படித் தள்ள முடியாது. 1928இல் புதுவகை ஒளிச்சிதறலைப் பற்றி 'நேச்சர்' இதழில் வந்த முதல் குறிப்பில் இருவர் பெயரும் உண்டு. அடுத்த குறிப்பில் ராமன் மட்டும். 1930இன் நோபல் பரிசும் ராமனுக்கு மட்டும். கிருஷ்ணனின் பங்கு எவ்வளவு என்று இன்றும் விவாதிக்கிறார்கள். கடிதங்களையும் நாட்குறிப்பையும் புரட்டுகிறார்கள். கூட்டாசிரியர் எண்ணிக்கையால் வகுக்கும் கணக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. பாதி பாதி என்று பிரித்துவிட்டுப் போய்விடும்.

நம் கல்லூரிகளுக்கு வருவோம். இரவெல்லாம் ஆய்வகத்தில் கிடப்பவர் ஸ்காலர். கட்டுரையில் கைடு பெயர், துறைத் தலைவர் பெயர், கருவியைத் தொட அனுமதித்தவர் பெயர், சில இடங்களில் முதல்வர் பெயர். தரவரிசைகள் சர்வதேசக் கூட்டாய்வுக்கு மதிப்பெண் தருவதால் அண்மைக் காலமாக முகம் பார்த்திராத வெளிநாட்டுப் பெயர்களும் வருகின்றன; இங்கிருந்து பெயர் போகிறது, அங்கிருந்து பெயர் வருகிறது, மொய்க் கணக்கைப் போல. டெலிகிராமில் ஆசிரியர் இடமே விலைக்குக் கிடைக்கிறது. முதல் இடத்துக்கு ஒரு விலை, நான்காம் இடத்துக்கு வேறு விலை. இந்தச் சரக்கைத்தான் அயோனிடிஸின் சூத்திரம் தசம சுத்தமாக வகுத்துத் தருகிறது. பட்டியலில் இருப்பவர்கள் எல்லாரும் இப்படி என்று நான் சொல்லவில்லை. யார் இப்படி, யார் அப்படி என்று பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது என்கிறேன். அதைச் சொல்லத் தெரியாத அளவுகோல் எதற்கு?

இதற்கும் மருந்து உண்டு என்பார்கள். யார் எதைச் செய்தார் என்று 14 வகைப் பங்களிப்புகளில் குறிக்கும்படி இப்போது பல இதழ்கள் கேட்கின்றன. சரி, படிவத்தை நிரப்புவது யார்? கட்டுரையை அனுப்புகிறவர், அநேகமாகக் கைடு. 'கருத்தாக்கம்' என்ற கட்டத்தில் யார் பெயர் விழும் என்று ஏதாவது ஒரு ஸ்காலரைக் கேட்டுப் பாருங்கள், கைடு பக்கத்தில் இல்லாத நேரமாக.

பட்டியலுக்குப் பதிலாக, பதவி உயர்வு நேர்காணலில், விண்ணப்பித்தவரின் ஒரே ஒரு கட்டுரையை எடுத்து, அரை மணி நேரம் கரும்பலகையில் விளக்கச் சொல்லலாம். மூன்றாவது படம் எப்படி வந்தது, எந்தச் சோதனை தோற்றது என்று கேட்கலாம். பெயர் மட்டும் கொடுத்தவர் பத்து நிமிடம் தாங்க மாட்டார். ஆனால் கேள்வி கேட்பவர்கள் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வந்திருக்க வேண்டும். குழுக்களுக்கு அந்தப் பட்டியல்மேல் இத்தனை பிரியம் ஏன் என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணமும் அதுதான்.