கட்கிளாஸும் கொட்டாங்குச்சியும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கண்ணாடிச் சாமான்களும் விற்கிறார்கள். ஓரம் உடைந்த கிண்ணம், மூடி தொலைந்த ஜாடி. "தட்டிப் பாரு சார், மணியாட்டம் கேக்கும்" என்று கூவுகிற சரக்கு. இதே சாமான் அரண்மனை அலமாரியில் ஏறினால் அதற்குப் பெயர் பாரம்பரியம். ஏறும்போது எதெல்லாம் கழித்துக்கட்டப்படுகிறது என்பதுதான் நம் கேள்வி.

உதய்ப்பூர் ஃபதே பிரகாஷ் மாளிகையில் ஒரு படிகக் காட்சிக்கூடம் இருக்கிறது. மகாராணா சஜ்ஜன் சிங் 1877-ல் பர்மிங்காம் ஆஸ்லர் கம்பெனியிடம் ஆர்டர் கொடுத்த கட்கிளாஸ் சாமான்கள். சாப்பாட்டுத் தட்டு, மதுக்குடுவை, நாற்காலி, கட்டில்கூடக் கண்ணாடி. 1884-ல் அவர் இறந்துபோனார். பெட்டிகள் 110 வருஷம் பிரிக்கப்படாமலே கிடந்தனவாம். ராஜாவின் ரசனை, ராஜாவின் அகால மரணம்: வழக்கமாகச் சொல்லப்படும் கதை இதோடு முடிகிறது.

அந்த 1877-ஐ நம் பக்கமிருந்து வாசிப்போம். சென்னை மாகாணத்தில் அது தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் செத்தார்கள். நிவாரண வேலைக்கு ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த ஆண்கூலி, நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியைத் தோண்டியது அந்தப் பஞ்சக்கூலிகள். உதய்ப்பூர் ராஜாவுக்கும் நம் பஞ்சத்துக்கும் நேர்த்தொடர்பு இல்லை, சரி. ஆனால் ஒரு வருஷத்தை எந்தப் பொருளால் நினைவுவைப்பது என்பது அரசியல்தானே?

கட்கிளாஸ் அழகானது. மறுக்கவேண்டியதில்லை. அந்த அழகு ராஜாவின் விரலிலிருந்து வரவில்லை. ஈயம் கலந்த கண்ணாடியைச் சுழலும் சக்கரத்தில் பிடித்து, மணலும் தண்ணீரும் விட்டு அறுத்து, பிறகு கல்லில் தேய்த்து, ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த பொடியால் மெருகேற்றினார்கள். அந்த ஈயம் தொழிலாளியின் உடம்பில் ஏறியது. தாம்பரம் பக்கத்து ஆட்களுக்கு இது புதுக்கதையா? குரோம்பேட்டை என்ற பேரே குரோம் தோல் கம்பெனி கொடுத்தது. பளபளப்பு ஒருத்தனுக்கு, ரசாயனம் ஒருத்தனுக்கு.

நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. யாரும் குடிக்காத கோப்பை பொக்கிஷம். நாம் குடித்த கோப்பை தீட்டு. வயல்வேலை செய்தவருக்குக் கொட்டாங்குச்சி, டீக்கடையில் தனிக் கிளாஸ், குடித்தபின் தானே கழுவிக் கவிழ்த்துவைக்கணும். பொது உணவகத்துப் பாத்திரத்தைத் தடுப்பது 1955-ம் வருஷச் சட்டப்படியே குற்றம். சில ஊர்களில் தனிக் கிளாஸ் போய்ப் பேப்பர் கப் வந்தது. தூக்கிப்போடுவதால் சாட்சியும் இல்லை.

முட்டுக்காடு தக்ஷிணசித்ராவில் (1996) வணிகர் வீடும் அக்ரகார வீடும் நிற்கின்றன. இன்று டிக்கெட் வாங்கி முன்வாசலால் நுழைகிறோம். அக்ரகார வீட்டில் ஆள் குடியிருந்த காலத்தில் நம் பாட்டனுக்கு அந்தத் தெருவே கிடையாது. எந்தப் பழைய வீட்டைக் காட்டினாலும் இந்த வித்தியாசத்தையும் எழுதிவைக்க வேண்டும்.

படிகத்தை உடைக்கச் சொல்லவில்லை. அதன் பக்கத்திலேயே, அதே வெளிச்சத்தில், ஒரு கொட்டாங்குச்சியையும் டீக்கடைத் தனிக் கிளாஸையும் வையுங்கள். ஆண்டு, ஊர், யார் குடித்தது, யார் ஊற்றியது எல்லாம் எழுதுங்கள். அப்புறம் பாரம்பரியம் பற்றிப் பேசலாம்.