மாட் போட்ட சர்வர்: பட்டியலுக்கு யார் பொறுப்பு?

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பில் மாட்கள் சேர்த்து, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து விளையாட ஒரு சர்வர் போடணும். எப்படின்னு தேடினா வழிகாட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. எதை எடுத்தாலும் கிட்டத்தட்ட ஒரே வரிசைதான்: ஜாவா நிறுவு, ஃபோர்ஜ் அல்லது ஃபேப்ரிக் சர்வரை இறக்கு, யூலா கோப்பில் ஃபால்ஸை ட்ரூ ஆக்கு, ரேமை ஏத்து, ரவுட்டர்ல 25565 போர்ட்டைத் திற. முடிஞ்சது.

இந்த வரிசையில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் இது சர்வரை ஓட வைக்க மட்டுமே சொல்லித் தருது. அந்த உலகத்தை நாலு பேர் ஆறு மாசம் காப்பாத்த என்ன வேணும் என்பது இதில் இல்லை. அந்தக் குறைக்குப் பாதிப் பொறுப்பு வழிகாட்டி எழுதுறவங்களுக்கு, மீதி விளையாட்டின் அமைப்புக்கே.

முதல்ல ரேம் விஷயம். சர்வர் தடுமாறுதா, ரேமைக் கூட்டு என்பதுதான் வழக்கமான வைத்தியம். மைன்கிராஃப்ட் உலகம் நொடிக்கு 20 டிக் வேகத்தில் நகர்கிறது. அதாவது ஒரு டிக்குக்கு 50 மில்லிநொடி. மிருகம், இயந்திரம், பயிர் எல்லாவற்றின் கணக்கும் பெரும்பாலும் ஒரே த்ரெட்டில் அதற்குள் முடியணும். முடியலைன்னா சர்வர் பின்தங்கும். அங்கே தேவைப்படுவது ஒரு கோரின் வேகம். ரேம் போதாமல் இருந்தால் கூட்டுவது சரி. போதுமான அளவு இருக்கும்போது இன்னும் கூட்டினால் பயனில்லை. குப்பை அகற்ற ஜாவா நிற்கும் நேரம் நீளவும் கூடும்.

இரண்டாவது விஷயம் இதைவிட முக்கியம். ஃபோர்ஜ் சர்வரில் நுழையும்போது உங்க கணினியில் உள்ள மாட் பட்டியலும் சர்வர் பட்டியலும் ஒப்பிடப்படும். பொருந்தலைன்னா உள்ளே விடாது. ஆனா பொருத்தம் பண்ணித் தருவது யார்? யாருமில்லை. ஒவ்வொருத்தரும் கையால் மாட் கோப்புகளை அடுக்கணும். இதில் சிக்கல் என்னன்னா, காட்சிக்கு மட்டுமான சில மாட்களைச் சர்வரில் போட்டால் சர்வரே எழும்பாது. அப்படியே ஃபோல்டரைக் காப்பி அடிக்கவும் முடியாது. கூடவே ஜாவா பதிப்பு வேறு: 1.17க்கு ஜாவா 16, 1.18க்கு 17, 1.20.5க்கு 21. ஒரு நண்பர் ஆர்வத்துல ஒரு மாட்டை மட்டும் புதுப்பிச்சா போதும், அன்றைய ராத்திரி விளையாட்டு போச்சு. சர்வரில் ஒரு மாட்டை நீக்கினாலோ, அது தந்த கட்டைகள் உலகத்திலிருந்தே காணாமல் போகும். ஒருத்தர் மாசக்கணக்கில் கட்டின வீடு அதில் இருக்கலாம்.

இது தவிர்க்க முடியாததா? இல்லை. ஃபேக்டோரியோவைப் பாருங்க. சேர்றவரிடம் உள்ள மாட்கள் வேறுபட்டால், சர்வரோடு ஒத்திசைக்கட்டுமான்னு விளையாட்டே கேட்கும்; அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து சரியான பதிப்புகளை இறக்கிக்கொள்ளும். அவங்களுக்கு வேற வழியும் கிடையாது. அங்கே எல்லாருடைய கணினியும் ஒரே கணக்கைத் தனித்தனியா போடுது. ஒரு மாட் மாறினாலும் உலகங்கள் பிரிந்துவிடும்.

முன்பு மைன்டெஸ்ட் என்றிருந்து 2024இல் பெயர் மாறிய லுவாண்டி இன்னும் ஒரு படி மேலே. மாட் சர்வரில் மட்டும் ஓடுது. படம், ஒலி, உருவம் மட்டும் விருந்தாளிக்கு வந்து சேருது. அவர் எதையும் நிறுவ வேண்டாம். விலை உண்டு: பல வேலைகளுக்குச் சர்வரின் பதில் வரும்வரை காத்திருக்கணும், காட்சியை ஆழமாக மாற்றவும் முடியாது. மைன்கிராஃப்ட் மாட்கள் எதை வேணுமானாலும் மாற்ற முடிவதற்குக் காரணம், அவை விளையாட்டின் உள்ளேயே கைவைக்கும் முழு ஜாவா நிரல்கள் என்பதுதான். அந்தச் சுதந்திரமே ஆபத்தும்.

ஆபத்துன்னு சும்மா சொல்லலை. 2021 டிசம்பரில் வெளிவந்த லாக்4ஷெல் ஓட்டையில், அரட்டையில் ஒரு வரி தட்டியே அடுத்தவர் கணினியில் நிரல் ஓட்ட முடிந்தது. 2023 ஜூனில் ஃப்ராக்சரைசர் என்ற தீநிரல் கர்ஸ்ஃபோர்ஜ், பக்கிட் தளங்களில் மாட்கள் வழியாகப் பரவியது. அதே ஆண்டு ப்ளீடிங்பைப் என்ற ஓட்டை சில ஃபோர்ஜ் மாட்களில் தெரியவந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 'ஆன்லைன்-மோட்' அமைப்பை ஃபால்ஸ் ஆக்கச் சாதாரணமா சொல்லிக் கடந்து போகும் வழிகாட்டிகள் இருக்கு. அதன் பொருள், வர்றவர் யாருன்னு சர்வர் சரிபார்க்காது. உங்க பெயரைப் போட்டுக்கொண்டு யாரும் உள்ளே வந்து நிர்வாகியாகலாம். அதோடு போர்ட்டும் உலகத்துக்கே திறந்திருந்தால், வாசல் கதவைக் கழற்றி வைத்த மாதிரிதான். வெறும் ஒயிட்லிஸ்ட் இங்கே காப்பாத்தாது. அதுவும் அந்தச் சரிபார்ப்பை நம்பித்தான் இருக்கு.

அப்போ நல்ல வழிகாட்டி எதிலிருந்து தொடங்கணும்? பட்டியலிலிருந்து. யார் பட்டியலை வைத்திருப்பார், எந்தக் கிழமை மாற்றுவார், மாற்றும் முன் உலகக் கோப்பை எங்கே நகலெடுப்பார். பேக்விஸ் போன்ற கருவியில் பட்டியலை எழுத்துக் கோப்பாக வைத்தால், ஒவ்வொரு மாட்டின் பதிப்பும் ஹாஷும் அதில் இருக்கும். விளையாட்டைத் திறக்கும்போதே எல்லார் கணினியும் அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடும் உண்டு. காட்சி மாட் எது, சர்வர் மாட் எது என்றும் குறித்து வைக்கலாம்.

போர்ட் திறப்பதும் கட்டாயமில்லை. இன்று பல வீட்டு இணைப்புகளுக்குத் தனிப் பொது முகவரியே கிடையாது, ரவுட்டரில் என்ன செய்தாலும் வெளியே தெரியாது. டெயில்ஸ்கேல், ஸீரோடியர் மாதிரி தனி வலை அமைத்தால் அந்தத் தொல்லையும் தீரும், தெரியாதவர்களும் வர மாட்டார்கள். ஆன்லைன் சரிபார்ப்பும் ஒயிட்லிஸ்ட்டும் அப்போதும் இருக்கட்டும்.

இதையெல்லாம் எழுதினால் 'பத்து நிமிடத்தில் சர்வர்' என்று தலைப்பு வைக்க முடியாது, ஒரு சாயங்காலம் ஆகும். பட்டியலும் நகலும் முதல் நாளே தயாராக இருந்தால், மூணாவது வாரம் ஒருத்தர் மாட்டைப் புதுப்பிச்சுட்டு வந்து நிற்கும்போது ஆட்டம் நிற்காது.